தவறைச் சொல்லும் அறை

அறுவை சிகிச்சையில் மேற்படிப்புப் படிக்கும் மருத்துவர் தன் தவறை எதிர்கொள்ளப் பழகும் முக்கிய இடம் துறையின் இறப்பு–சிக்கல் ஆய்வுக் கூட்டம். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் வாயில் புழங்கும் பெயர் 'மார்டாலிட்டி மீட்டிங்'. இறந்தவர்கள், தையல் பிரிந்தவர்கள், சீழ் பிடித்தவர்கள், மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் என ஒவ்வொருவராக அங்கே எடுத்துப் பேசப்படுவார்கள். நோயாளியின் பெயர் வராது. வயதும் நோயும் நடந்ததும் மட்டும் வரும். எழுந்து நின்று சொல்பவர் பெரும்பாலும் அந்த நோயாளியைக் கவனித்த பி.ஜி. மாணவர்.

ஒரு மருத்துவக் கல்லூரியில் அப்படியொரு கூட்டத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. குடலின் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் இணைத்த இடம் ஐந்தாம் நாள் கசிந்துவிட்டது. பேராசிரியர் தையல் நூலைப் பற்றிக் கேட்பார் என்று தோன்றியது. அவர் கேட்டது வேறு.

"பல்ஸ் 120ன்னு எப்ப பாத்தே?"

"ராத்திரி ரெண்டு மணிக்கு சார்."

"எனக்கு எப்பப்பா சொன்னே?"

"காலைல ரவுண்ட்ஸ்ல சார்."

அதன் பிறகு பேச்சு முழுவதும் அந்த இடைப்பட்ட நேரத்தைப் பற்றியே நடந்தது. குடல் இணைப்பு எவ்வளவு கவனமாகப் போட்டாலும் சிலருக்குக் கசியும் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலும் வேகமான நாடியும் முதல் அறிகுறிகள் என்பதும் தெரியும். தெரிந்தும் ஏன் போன் போகவில்லை என்பதுதான் கேள்வி. "சாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பத் தயக்கமாக இருந்தது" என்ற பதில் கடைசியில்தான் வந்தது.

தையல் கசிந்ததை ஒரு வகையாகவும் சொல்லாமல் விட்டதை வேறு வகையாகவும் பார்க்கும் இந்தப் பாகுபாட்டை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் மருத்துவர் அல்லர். அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் பாஸ்க், 1970களில் ஒரு பயிற்சி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவுகளோடு கூடவே திரிந்து, பார்த்ததை 1979இல் நூலாக்கினார். மருத்துவமனைக்குப் புனைபெயர் இட்டார். பயிற்சி மருத்துவர்களின் தவறுகளை மூத்தவர்கள் நான்கு வகையாகப் பார்க்கிறார்கள் என்பது அவர் கண்டது. கை பிசகுவது ஒன்று. எப்போது வெட்டுவது, வெட்டலாமா கூடாதா என்ற முடிவு பிசகுவது இன்னொன்று. இவ்விரண்டும் கற்கும் காலத்தில் நேரக்கூடியவை; உடனே சொல்லி, திரும்பச் செய்யாவிட்டால் மன்னிக்கப்படும். மூன்றாவது நடத்தை சார்ந்தது: பார்க்காத நோயாளியைப் பார்த்ததாகச் சொல்வது, மறைப்பது, செவிலியரிடமும் உறவினரிடமும் பொறுப்பில்லாமல் நடப்பது. இதற்கு மன்னிப்பு இல்லை. கை பிசகியவர் திருந்துவார், பொய் சொன்னவரை நம்பி இரவில் வார்டை ஒப்படைக்க முடியாது என்பது மூத்தவர்களின் கணக்கு.

நான்காவது வகை சுவையானது. அந்தந்த யூனிட் தலைவரின் சொந்த வழக்கத்தை மீறுவது. ஒருவர் எல்லா வயிற்றிலும் டிரெயின் குழாய் வைக்கச் சொல்வார். அடுத்த யூனிட் தலைவர் வைத்தால் திட்டுவார். இரண்டுக்கும் புத்தகத்தில் ஆதாரம் கிடைக்கும். யூனிட் மாறும் மாணவர் முதல் வாரத்தில் படிக்க வேண்டியது நோயாளியை விடத் தலைவரை என்று சொன்னால் தமிழ்நாட்டு பி.ஜி.க்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

பாஸ்க் பார்த்த கூட்டத்தில் பொதுவில் பழியை ஏற்றவர் மூத்த மருத்துவர். "என் முடிவு தவறு" என்று அவரே சபையில் சொல்வார்; மாணவருக்கான கண்டிப்பு ரவுண்ட்ஸிலும் தனியறையிலும் நடக்கும். இங்கே பார்த்த கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றது மாணவர்கள் மட்டுமே. தலைவர் தன் தவறைச் சொல்லிக் கேட்காதவருக்கு, இரவு இரண்டு மணிக்குப் போனை எடுக்கும் தைரியம் எங்கிருந்து வரும்?

தவறைப் பகிரங்கமாக எழுதிவைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த மூத்தவரும் ஒருவர் இருந்தார். பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டு, சிகிச்சையின் இறுதி விளைவைத் தொடர்ந்து குறித்துவந்தார். பணிமூப்பைவிட விளைவே அளவுகோலாக வேண்டும் என்ற அவர் திட்டத்தை மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஏற்காததால் 1914இல் விலகினார். தன் சொந்தச் சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேரின் சிகிச்சையில் நேர்ந்த 123 தவறுகளை அவரே பட்டியலிட்டு அச்சிட்டார். சக மருத்துவர்கள் அவரிடமிருந்து விலகிப்போனார்கள். 1940இல் இறந்தபோது கல்லறைக்குக் கல் கூட இல்லை, 2014இல்தான் வைத்தார்கள்.

சில தவறுகள் கையினுடையவை அல்ல, கண்ணினுடையவை. லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்கும்போது, வெட்ட வேண்டிய பித்தப்பைக் குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிடுவது இதற்கு நல்ல உதாரணம். அபூர்வமாகவே நேரும், நேர்ந்தால் நோயாளியின் வாழ்க்கையே புரண்டுவிடும். இத்தகைய 252 சம்பவங்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, பெரும்பாலானவற்றில் திறமைக் குறைவைவிடக் கண் ஏமாந்ததே காரணம் என்றது. வெட்டியவருக்கு அந்த நேரத்தில் சந்தேகமே இருக்காது. ஆகவே 'கவனமாக இரு' என்ற அறிவுரையால் பயனில்லை. அறுவை மருத்துவர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் வகுத்த விதி இங்கே உதவுகிறது: கொழுப்பையும் நார்த்திசுவையும் முழுவதும் நீக்கி, பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள் மட்டும் நுழைவதைப் பார்த்த பிறகே கிளிப் போட வேண்டும். அந்தக் காட்சி கிடைக்காவிட்டால் வேறு வழிக்கு மாறவோ மூத்தவரைக் கூப்பிடவோ வேண்டும்.

தியேட்டரில் இதே பாடம், இரத்தம் ஒற்றும் துணியான மாப்பை எண்ணுவதில் இருக்கிறது. வயிற்றை மூடும் முன் ஸ்க்ரப் சிஸ்டர் எண்ணிச் சொல்வார். கணக்கு ஒன்று குறைந்தால் தையல் நிற்கும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியலில் இந்த எண்ணிக்கையும் உண்டு. தியேட்டரில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்ற வரியும் உண்டு. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்ததில் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் அறிவித்தார்கள். பெயர் சொல்வது சடங்கு போலத் தோன்றும். ஒருமுறை வாய் திறந்த இளையவர் பிறகு "சார், ஒரு மாப் குறையுது" என்று சொல்லத் தயங்கமாட்டார் என்பதே அதன் நோக்கம்.

கூட்டம் முடிந்த பிறகு மாணவருக்கு என்ன ஆகிறது என்பது அண்மைக் காலம் வரை யாருக்கும் கவலையாக இருந்ததில்லை. தவறு செய்த மருத்துவரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000இல் எழுதினார். தூக்கம் போவது, அடுத்த ஆபரேஷனில் கை நடுங்குவது, துறையையே விட்டுப்போக நினைப்பது எல்லாம் இதில் அடங்கும். அன்றைய கூட்டத்தில் பேசிய மாணவர், பிற்பகலில் வழக்கம்போல வார்டில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் தனியாகப் பேசியதாகத் தெரியவில்லை.

குடும்பத்தாரிடம் சொல்வது இன்னும் கடினமான பாடம். 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், கடுமையான அலட்சியம் இருந்தாலொழிய மருத்துவர் மீது குற்றவழக்கு கூடாது என்றது. இந்த இரண்டாவது தீர்ப்பு வராந்தாவில் உறவினர் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் இளம் மருத்துவருக்கு அவ்வளவாகத் தைரியம் தருவதில்லை. அங்கே என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பதைப் பெரும்பாலோர் பார்த்துப் பார்த்துத்தான் கற்கிறார்கள். பார்க்கக் கிடைப்பதும் பல நேரம் சொல்லாமல் நழுவும் வித்தைதான்.

அன்றைய கூட்டத்தின் முடிவு ஒரு தடிமனான பதிவேட்டில் ஏறியது. நோய், நடந்தது, காரணம், இனிச் செய்ய வேண்டியது என்று நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் எழுதியது: 'நாடித்துடிப்பு 110ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் உதவிப் பேராசிரியருக்கு உடனே போன்.' உறவினருக்கு என்ன சொல்லப்பட்டது என்பதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.