மலைநாட்டின் கதைப்பள்ளி

அட்டனிலிருந்து நானுஓயா நோக்கிப் புகையிரதத்திற் செல்கின்றோம். இருமருங்கும் தேயிலைப் பசுமை. தலவாக்கலையைக் கடந்ததும் வட்டகொடை. அதனருகே மடகொம்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. கதை எழுதப் பயிற்றும் வகுப்பு அன்று இங்கே ஏது? பிரட்டுக்களத்துப் பேச்சும் கொழுந்து பறிப்போர் பாட்டுமே பாடநூல்கள். அப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர், தம் மக்களின் வாழ்வை நாவல்களாகவும் வடித்தார்.

1960களில் 'வீரகேசரி'யில் நிகழ்ந்த மலைநாட்டுச் சிறுகதைப் போட்டிகள் அடுத்த தலைமுறைக்குப் பயிற்சிக்களமாயின. பரிசுக்கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என நூலுருப் பெற்றன.

இன்று பயிலரங்குகள் நடைபெறுகின்றன, நன்று. கதையின் அமைப்பை ஆசிரியர் கற்பிப்பார். ஆயின் மாணவர்காள், நம் பாட்டிமாரின் சொற்களை அவர்களையன்றி யார் கற்பிப்பார்? அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.