எது தெளிவு, ஒன்றா இரண்டா?

லேசர் செய்துகொள்ளலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு என் மேல் ஒரு சந்தேகம் இருக்கும். நியாயமான சந்தேகம்தான். மல்லசமுத்திரத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடி விற்கிறவன், கண்ணாடியைத் தூக்கிப் போடுங்கள் என்று எப்படிச் சொல்வான்? "உங்ககிட்டக் கேட்டா வேண்டாம்னுதானுங்க சொல்லுவீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம் போய்க் கேட்டாலோ, அங்கே லேசர் வைத்திருக்கிறவர்கள் லேசரைப் பற்றித்தான் சொல்வார்கள். இரண்டு பேச்சையும் கேட்டுத்தான் ஒருவர் முடிவுக்கு வர வேண்டும். என் பக்கத்துப் பேச்சு இது.

எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை பவர் வரைக்கும் பண்ணுவாங்க?" நான் திருப்பிக் கேட்பது, போன வருஷத்துச் சீட்டு இருக்கிறதா என்று. மைனஸ் ஐந்து என்பதில் பெரிய செய்தி ஒன்றும் இல்லை. போன வருஷமும் அது ஐந்தாக இருந்ததா என்பதுதான் செய்தி. பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், ஓராண்டில் பவர் அரைக்கு மேல் நகர்ந்திருக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. ஆனால் இங்கே பொறியியல் படிக்கும் பிள்ளைகளில் சிலருக்கு இருபத்திரண்டு வரைக்கும் மைனஸ் ஏறிக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறேன். கண் உள்ளுக்குள் நீள்வதால் ஏறுகிற மைனஸ் அது. லேசர் வேலை செய்வது முன்பக்கத்துக் கருவிழியில். முன்னால் செதுக்கினால் பின்னால் நீள்வது நிற்காது; இன்றைக்குப் பூஜ்யமான பவர் மூன்று வருஷத்தில் ஒன்றாகித் திரும்ப வரும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் மாதங்களிலும் பவர் ஆடும். அவர்களை, குழந்தை பால் மறந்த பிறகு வரச் சொல்லிவிடுவேன்.

இதைவிட முக்கியம், சீட்டில் எழுதியிருக்கும் பவர் உண்மையானதா என்பது. எங்கள் தொழிலின் உள்விஷயம் இது. இள வயதுக் கண்ணுக்குத் தேவைக்கு மேல் மைனஸ் கொடுத்தாலும் அது மறுக்காது. உள்ளே இருக்கும் லென்ஸ் தசையை இறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். அதோடு எழுத்து கொஞ்சம் சிறுத்துக் கறுத்துத் தெரியும். "இது நல்லா எடுப்பா இருக்குதுங்க" என்பார்கள். எடுப்பாக இருக்கிறது என்பதற்காகக் கொடுத்துக்கொண்டே போனால் மூன்றில் நிற்க வேண்டியவர் மூன்றேமுக்காலுக்குப் போய்விடுவார். அதனால் முதலில் பிளஸ் லென்ஸைப் போட்டுப் பார்வையை மங்கலாக்கி, அந்தத் தசை தளர்ந்த பிறகு கால் காலாக இறங்கி வருவோம். எந்த இடத்தில் 6/6 வரி முதல்முதலாகப் படிக்க வருகிறதோ அங்கே கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு கால் வைக்கச் சொல்லிக் கை துறுதுறுக்கும். லேசருக்குப் போகிறவர்களுக்கு இதுவும் போதாது. சொட்டு மருந்து விட்டு, தசையை முழுக்க அசையாமல் செய்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் வேண்டியிருக்கும் சிலிண்டர் பவருக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. கைப்பிடி உள்ள ஒரு லென்ஸைப் புரட்டிப் புரட்டிக் காட்டி, "எது தெளிவு, ஒண்ணா ரெண்டா?" என்று கேட்போம். படித்தவர்கள் இதைப் பரீட்சை என்று நினைத்துத் திணறுவார்கள். சரியான விடை ஒன்று இருக்கிறது, அதைத் தவறவிட்டுவிடக் கூடாது என்கிற பதற்றம். தறி ஓட்டும் பெண்கள் அலட்டிக்கொள்ளாமல், "ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குதுங்க" என்பார்கள். நான் தேடிக்கொண்டிருந்த பதில் அதுதான். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும் இடத்தில்தான் சிலிண்டரின் கோணம் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. நான் கொடுத்த கண்ணாடியில் கால் பவர் கூடிவிட்டால், தலை வலிக்கிறது என்று ஆள் திரும்பி வருவார், லென்ஸை மாற்றிக் கொடுப்பேன். கருவிழியில் எடுத்த சதையைத் திரும்ப வைக்க முடியாது. எந்திரத்துக்குத் தானாக ஒன்றும் தெரியாது. தட்டிக் கொடுத்த எண்ணைத்தான் அது செதுக்கும்.

செதுக்குவது எவ்வளவு என்பது எளிய கணக்குதான். நடுவில் ஆறு மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு பவரைக் குறைக்கச் சுமார் 12 மைக்ரான் எடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். கருவிழியின் நடுக்கனம் 520 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். லாசிக்கில் முதலில் மேலே ஒரு மெல்லிய மூடியைப் பிரித்துத் திருப்புவார்கள்; அதற்கு 110. மைனஸ் ஐந்துக்கு 60. மீதி 350. அடியில் 250-க்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும் என்பது பழைய எல்லை. 300 இருந்தால்தான் நிம்மதி என்பார்கள் பல மருத்துவர்கள். இதே மைனஸ் ஐந்து, கனம் 460 உள்ளவருக்கு 290-இல் கொண்டுபோய் நிறுத்தும். ஒரே பவர் உள்ள அக்காளுக்குச் சரி என்றும் தங்கைக்குச் சரிவராது என்றும் சொல்வதைக் கேட்டு, ஏதோ வியாபாரத் தந்திரம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். இந்தக் கழித்தலைச் சீட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

இப்படி மைக்ரான் மைக்ரானாகச் சதையை எடுக்க முடியும் என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். ரங்கசாமி ஸ்ரீனிவாசன், வேதியியல்காரர். அமெரிக்காவில் ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் புளூம் என்ற இருவரோடு சேர்ந்து எக்சைமர் லேசரை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1981 நவம்பரில், அவர்கள் ஊர்ப் பண்டிகைக்கு மறுநாள், விருந்தில் மிஞ்சிய வான்கோழியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து அதன் மேல் 193 நானோமீட்டர் புறஊதாக் கதிரைப் பாய்ச்சினார். பட்ட இடம் கருகவில்லை. சுற்றிலும் சூடு பரவாமல், ஓரம் பிசிறில்லாமல் வெட்டு விழுந்திருந்தது. அந்தக் கதிர் சதையைச் சுடுவதில்லை; மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து ஆவியாக வெளியேற்றிவிடுகிறது. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் அளவுதான் போகும். 1983-இல் ஸ்டீஃபன் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவர் இதை மாட்டுக் கண்ணில் செய்து பார்த்தார். 1995-இல் அமெரிக்க அரசு மனிதக் கண்ணுக்கு அனுமதி கொடுத்தது. ஐபிஎம் மூவருக்கும் 2013-இல் ஒபாமா கையால் தேசிய விருது கிடைத்தது. ஆகவே கருவி நம்பத்தக்கதா என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. வந்து உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அது பொருந்துமா என்பதில்தான் என் கேள்வி எல்லாம்.

பொருந்துமா என்பதை அவரவர் பிழைப்பில்தான் பார்க்க வேண்டும். விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்கிறவர்களுக்குப் பஞ்சு தூசி ஓயாது. மூடியைப் பிரிக்கும்போது கருவிழியின் மெல்லிய நரம்புகள் அறுபடும். அவை திரும்ப வளரும் வரை, சில மாதங்களுக்குக் கண் வறண்டு உறுத்தும். ஏற்கெனவே வறட்சி உள்ளவர்களுக்கு அது நீளும். கபடி ஆடும் பையன்களுக்கு வேறு சிக்கல். அந்த மூடி பழையபடி ஒட்டி வலுவாவதில்லை, ஓங்கி ஒரு முழங்கை பட்டால் நகரலாம். அவர்களை மூடி இல்லாத பிஆர்கே முறையையோ, சிறு கீறல் வழியாக உள்ளிருந்தே ஒரு மெல்லிய தகட்டை உருவி எடுக்கும் ஸ்மைல் முறையையோ பற்றிக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். பிஆர்கேயில் மூன்று நான்கு நாள் நல்ல வலி இருக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் மாதம் சொட்டு மருந்தும் தொடர் பரிசோதனையும் தப்பக் கூடாது. மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ஒரு காட்டுக்குள் போர் போட்டுக்கொண்டிருக்கிறவர் எந்த மருத்துவரிடம் போவார்? மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போது செய்துகொள்ளுங்கள் என்பேன். இரவில் ஓட்டுகிறவர்களுக்கு எதிர்வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு லாசிக் செய்தவர்கள் தகுதியில்லை என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். கண்ணாடி இருந்தால் எடுக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த வேலைக்காகவே லேசர் செய்துகொள்ள நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள்! விமானப்படை சில பிரிவுகளில் ஏற்றுக்கொள்கிறது. இருபது வயதுக்குப் பிறகு செய்திருக்க வேண்டும், செய்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு. அறிவிப்பை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு வா தம்பி என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

கல்யாணப் பேச்சுதான் கடினமானது. "வரன் பார்க்க ஆரம்பிக்கறதுக்குள்ள கண்ணாடியக் கழட்டிப்போடோணுங்க" என்று அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். மகள் வாயைத் திறக்கமாட்டாள். பவர் பார்க்கும் அறைக்குள் அவளை மட்டும் உட்கார வைத்து, "உனக்கு வேணுமா அம்மணி?" என்று கேட்பேன். "எனக்கே கண்ணாடி புடிக்கலீங்க" என்று சொன்னால் அது போதும். அழகுக்காகச் செய்துகொள்வது அற்பம் என்று நான் நினைக்கவில்லை; கட்டின புடவைக்குப் பொருத்தமாக வளையல் தேடுகிற அதே உரிமைதான் இதுவும். "அப்பா சொல்றாருங்க" என்று மட்டும் பதில் வந்தால், இப்போதைக்குக் கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பழகு, ஆறு மாதம் கழித்துப் பேசலாம் என்பேன். பவரை மறைத்துக் கல்யாணம் முடித்துவிடலாம் என்கிற நினைப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பிறக்கும் பிள்ளைக்கு அந்தக் குறை போகக்கூடும், அதை லேசர் தொடுவதில்லை. நீண்ட கண்ணின் பின்னால் இழுபட்டு மெலிந்த ரெட்டினாவையும் தொடுவதில்லை. பவர் போய்விட்டது என்று ரெட்டினா பரிசோதனையை நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. கண்ணுக்குள் மின்னல் வெட்டினால், கறுப்புப் புள்ளிகள் திடீரென்று பெருகினால், லேசர் செய்த கண்ணானாலும் அன்றைக்கே ஓட வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் வந்தால் பேச்சு வேறு. மைனஸ் இரண்டரை உள்ள தறிக்காரர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அறுந்த இழையை வெறுங்கண்ணால் பிடித்து முடிச்சுப் போடுகிறார். தூரத்துப் பவரை எடுத்துவிட்டால் பஸ் போர்டு வெறுங்கண்ணுக்குத் தெரியும், இழைக்குக் கண்ணாடி தேவைப்படும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் இன்னொன்றைக் கிட்டத்துக்கும் வைக்கிற வழி இருக்கிறது. அதைக் கான்டாக்ட் லென்ஸில் போட்டுச் சில வாரம் ஓட்டிப் பார்க்காமல் யாரும் ஒத்துக்கொள்ளக் கூடாது. இந்த வயதுக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். நாளைக்குக் கண்புரை வந்து உள்லென்ஸ் வைக்கும்போது, செதுக்கிய கருவிழியில் லென்ஸின் பவரைக் கணக்கிடுவது சிரமம். லேசருக்கு முந்திய அளவுகள் கையில் இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

"டாக்டருங்களே கண்ணாடிதானுங்க போட்டிருக்காங்க?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி என்று தோன்றும், ஆனால் அதில் ஒன்றும் இல்லை. லேசர் செய்துகொண்ட கண் மருத்துவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கண்ணாடியோடு நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக, சரிவராது என்று திரும்பி வருகிறவர்கள். இவர்கள் முகம்தான் தொங்கிப்போயிருக்கும். அளவுக்கு மீறிய பவர் என்றால் கருவிழியைச் செதுக்காமல் கண்ணுக்குள்ளேயே வைக்கும் ஐசிஎல் லென்ஸ் இருக்கிறது, செலவு கூடும். ஆனால் சில பேருக்கு, கேட்கப் போனதே நல்லதாகிவிடுகிறது. கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவனுக்கு வருஷா வருஷம் சிலிண்டர் ஏறிக்கொண்டே வந்தது. ரெட்டினாஸ்கோப்பில் பார்த்தால் ஒளி நேராக நகராமல், கத்தரியின் இரண்டு வாய் போலத் திறந்து மூடியது. அவன் பேசும்போதே கையை மடக்கிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். லேசர் வேண்டும் என்றான். கருவிழியின் வரைபடம் எடுத்து வா என்று சேலத்துக்கு எழுதிக் கொடுத்தேன். கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்த ஆரம்பித்திருந்தது. கெரட்டோகோனஸ். இந்தக் கண்ணில் லாசிக் செய்தால் துருத்தல் வேகமெடுக்கும். லேசருக்குப் பதிலாகச் சி3ஆர் செய்தார்கள்: ரைபோஃப்ளேவின் சொட்டை விட்டுப் புறஊதா ஒளியைக் காட்டிக் கருவிழியின் இழைகளை இறுகப் பிணைக்கிற சிகிச்சை. அது பவரை எடுக்காது, நோய் முற்றாமல் நிறுத்தும். இப்போது கடினமான கான்டாக்ட் லென்ஸோடு நன்றாகப் பார்க்கிறான். ஒவ்வாமைக்கும் மருந்து போடுகிறான், கசக்குவதை ஒருவழியாக விட்டிருக்கிறான். இந்த நோய் குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் அவன் அம்மாவிடம் சொல்லி, பத்தாவது படிக்கும் தம்பிக்கும் வரைபடம் எடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவனுக்குப் பவர் ஒன்றும் இல்லை. ஆனால் அவனும் கசக்குகிறான்.