ஸ்டவ் சத்தம்

நீலகிரியில் வெலிங்டன் ராணுவ லைன் வீடுகளில் இரண்டு குடித்தனத்துக்கு நடுவே ஒரே சுவர்தான். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சுபேதாரின் மனைவி இருந்தார். மலையாளத்துக்காரர், லைன் முழுக்க அவரைச் சேச்சி என்றுதான் கூப்பிடும். விடிகாலை ஐந்தரைக்கு நான் பம்ப் ஸ்டவ் அடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்கும், அவர் அடிப்பது எனக்குக் கேட்கும். 1987 நவம்பரில் ஒருநாள் ஆறு மணி தாண்டியும் என் வீட்டு ஸ்டவ் சத்தம் வரவில்லை. ஆறேகாலுக்கு வந்து கதவைத் தட்டினார்.

"எந்தா மோளே, அடுப்பு பத்தலையா?"

தாழ்ப்பாளை நீக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. மூன்று நாளாகக் காய்ச்சல். கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மூத்தவள் முந்தின நாள் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். பத்தடி தூரத்தில் ஆள் இருந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமாகி வரும்போது என் அம்மா சொல்லி அனுப்பிய புத்தி அது: புருஷன் இல்லாத வீடு என்று வெளியே தெரியக் கூடாது. அன்போடு சொன்னதுதான். ஆனால் ராணுவக் குடும்பத்துக்கு அதைவிடக் கெடுதலான புத்தி இல்லை என்று இந்த வயதில் சொல்கிறேன்.

என் கணவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தார். 1758இல் தொடங்கிய படை. அதன் பயிற்சி மையம் வெலிங்டனில்தான் இருக்கிறது. அங்கே ரிக்ரூட்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு, பட்டாலியனோடு சேரச் சொல்லி உத்தரவு வந்தது. இந்திய அமைதிப் படை இலங்கைக்குப் போன வருஷம் அது. சண்டை நடந்த மண்ணும் தமிழ் பேசும் மண். அந்த வேதனையைச் சொல்ல இந்தக் கட்டுரை போதாது. 1990 மார்ச்சில் கடைசிப் படை திரும்பி வருவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்துபோயிருந்தார்கள். ஊர்ப் பெயரே இல்லாத ஏ.பி.ஓ. என்கிற ராணுவத் தபால் முகவரிக்கு வாரம் ஒரு இன்லேண்ட் எழுதுவேன். "இங்கு அனைவரும் நலம்" என்றுதான் தொடங்கும். காய்ச்சலில் கிடந்த வாரமும் அப்படியே எழுதினேன்.

சேச்சி என்னையும் பிள்ளைகளையும் எம்.ஐ. ரூம் என்கிற ராணுவ மருந்தகத்துக்கு அழைத்துப்போனார். அங்கிருந்து ராணுவ மருத்துவமனை. டாக்டர் முதலில் குழந்தையைத்தான் பார்த்தார். நிமோனியா. எட்டு நாள் இருந்தோம். மூத்தவளைச் சேச்சி தன் பிள்ளைகளோடு பள்ளிக்கு அனுப்பிவைத்தார். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, என் பையன் காகிதத்தில் பிறக்கவே இல்லை என்று.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். சிப்பாய்க்குக் கல்யாணமானாலும் பிள்ளை பிறந்தாலும், அவருடைய யூனிட் அதைப் பார்ட் டூ ஆர்டரில் வெளியிட வேண்டும். அது ரெக்கார்ட் ஆபீஸில் பதிவாகும். மருத்துவமனைச் சிகிச்சை, பிள்ளையின் படிப்புச் சலுகை, நாளைக்குக் குடும்ப ஓய்வூதியம் எல்லாம் அந்த ஒரு பதிவிலிருந்துதான் கிளம்பும். பையன் பிறந்த சில வாரத்தில் அவருக்கு உத்தரவு வந்துவிட்டது, அவசரத்தில் கிளம்பினார். விட்டுப்போனது எங்கள் தவறு. மருத்துவமனை அதைக் காரணம் காட்டி வைத்தியத்தை நிறுத்தவில்லை. ஆனால் சேச்சி விடவில்லை. பிறப்புச் சான்றிதழைக் கையில் கொடுத்து, யாருக்கு எப்படி எழுத வேண்டும் என்று சொல்லி, என் கையாலேயே எழுதவைத்தார். "நீ எழுதிப் படிச்சாதான் அடுத்தவளுக்குச் சொல்லுவே" என்றார். மாதம் ஒன்று ஆயிற்று, ஆர்டர் வந்தது.

கன்டோன்மென்டில் வசதிக்குக் குறைவில்லை. கேன்டீன் உண்டு, ராணுவப் பள்ளி உண்டு, மருத்துவமனை உண்டு. கணவர் எல்லைக்குப் போனால் குடும்பம் தனியே தங்குவதற்கென்று பல ஊர்களில் குவார்ட்டர்ஸ் உண்டு. ராணுவ வீரர்களின் மனைவியர் நலச் சங்கம் 1966இலிருந்து நடக்கிறது. தையல், கணினி, கைத்தொழில் என்று கற்றுக்கொடுக்கிறார்கள், கணவனை இழந்தவர்களுக்குக் கைகொடுக்கிறார்கள். எத்தனையோ பெண்கள் அதனால் தலைநிமிர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிதாகக் கல்யாணமாகி வந்த சிப்பாயின் மனைவி, முன்வரிசையில் அதிகாரிகளின் மனைவிமார் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டாள். எந்த ஊரிலும் இதுதான் நிலை. கணவனின் பதவிப் பட்டை மனைவியின் தோளிலும் ஏறிக்கொள்கிறது. ஏதாவது குறை உண்டா என்று மேடையிலிருந்து கேட்டால், இல்லை மேடம் என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை நம்பி யாரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அவளிடம் பேச, அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவளோடு கீரை ஆய்கிற ஒருத்தி வேண்டும்.

பிறகு பல ஊர்களில் நான் அந்த வேலையைச் செய்தேன். தெலுங்கு, கன்னடம் அரைகுறையாக வந்ததும், ஓரளவு இந்தி வந்ததும் அப்படித்தான்.

இப்போது வேலூர்ப் பக்கம் சொந்தக் கிராமத்தில் இருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்த அளவுக்கு வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். ஆனால் கிராமத்தில் இருக்கிற ராணுவக் குடும்பத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சேச்சி இல்லை. மாமியார், மச்சினன், பங்காளி என்று சுற்றம் இருக்கும். பார்ட் டூ ஆர்டர் என்றால் என்னவென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஓய்வு பெற்றவர்களுக்கு 2003இலிருந்து இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயரில் முன்னாள் என்று இருப்பதால், பணியில் இருப்பவரின் மனைவி அது தனக்கில்லை என்று நினைத்துக்கொள்கிறாள். அவளும் போய்த் தன் குறையைச் சொல்லலாம். கணவன் எல்லையில் இருக்கும்போது பங்காளி நிலத்துக்கு வழக்குப் போட்டால், வீரனுக்கு எதிராக ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடாமல் காக்க 1925ஆம் வருஷத்துச் சட்டமே ஒன்று இருக்கிறது. எத்தனை வீட்டில் இது தெரியும்?

என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேருக்குப் பெயர்தான் சிக்கல். ஆதாரில் லட்சுமி, ராணுவப் பதிவில் லக்ஷ்மி அம்மாள். பிறந்த தேதி ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் வேறு. கணவன் உயிரோடு இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் சரியாகிற விஷயம் இது. அவன் போன பிறகு, துக்கம் ஆறாத பெண்ணை வருஷக்கணக்கில் அலையவைக்கும். இதைச் சொன்னால் அபசகுனம் என்று முகம் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. திருப்பிக்கொள்ளட்டும், நான் மறுபடியும் சொல்வேன்.

உதவி ராணுவத்திலிருந்து ஊருக்கு மட்டும்தான் வரும் என்றில்லை, ஊரிலிருந்தும் ராணுவத்துக்குப் போகும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே விமானப் படை ஹெலிகாப்டர் விழுந்தபோது முதலில் ஓடியவர்கள் நஞ்சப்பசத்திரத்து மக்கள். குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தக் குளிரில் தங்கள் வீட்டுப் போர்வைகளைக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் இருந்த 14 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிறகு ராணுவ அதிகாரிகள் அந்த ஊருக்கே போய் நன்றி சொல்லி, அங்கே மருத்துவ முகாம் நடத்த ஏற்பாடு செய்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சேச்சியின் நினைவு வந்து அழுதேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். புருஷன் வடகிழக்கில் எங்கோ. தினமும் வீடியோவில் பேசுகிறான். பேசும் முன் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்காருகிறாள். என் இன்லேண்டுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. போன வாரம் பால் வாங்க வந்தவளை உட்காரவைத்துக் கேட்டேன். பெண் குழந்தை பிறந்து ஏழு மாதமாகிறது, பெயர் இன்னும் ராணுவப் பதிவில் ஏறவில்லை. "அவர் லீவுல வரும்போது பார்த்துக்கலாம்னு இருக்கேன் பெரியம்மா" என்றாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் வேலூர் போகிறோம். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முறையைக் கேட்டுக்கொண்டு, அவன் யூனிட்டுக்கு அனுப்ப வேண்டியதை அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று எண்ணம். பிறப்புச் சான்றிதழில் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். பேனா நான் கொண்டுபோகிறேன், எழுதப்போவது அவள்.