கட்டுச்சோறு

தூரவழி செல்வோர்க்கு எம் முன்னோர் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தனர். வழியிற் கடை இருக்குமென்று நம்பிப் பிள்ளையை வெறுங்கையுடன் அனுப்பினாரல்லர். இவ்வுண்மையைக் கணினி எனக்குக் கற்பித்த கதையை, எம் கல்லூரி அன்னையின் விழா மலரிற் கூற விழைகின்றேன்.

யான் பயிற்றப்பட்ட தமிழாசிரியன். கணினி வல்லுநன் அல்லேன். எனினும், பகுபத உறுப்பிலக்கணம் பயிற்றும் மென்பொருளொன்றைப் பழைய மாணவர் இருவர் துணையுடன் ஜாவா மொழியில் ஆக்கினேன். சொற்கோவை, பகுப்பு, திரை என அது மூன்று கூறுகளையுடையது. பின்னது முன்னதைச் சார்ந்து நிற்கும். அவற்றை முறைப்படுத்தி ஒன்றாக்கித் தருவது மேவன் என்னுங் கருவி.

2018 ஆம் ஆண்டில், இணைய வசதியற்ற தீவகப் பாடசாலையொன்றின் உயர்தர மாணவர் அதனைத் தாமே கட்டியமைத்துப் பழக விரும்பினர். மூலநிரல் முழுவதையும் பென்டிரைவில் இட்டுப் படகேறினேன். அங்கு முயற்சி தொடக்கத்திலேயே தடைப்பட்டது. மேவன் தனக்கு வேண்டிய துணைநிரல்களை இணையத்துப் பொதுக் களஞ்சியத்திலே தேடிற்று. என் வீட்டுக் கணினியிலோ அவை மறைவானதொரு கோப்புறையில் முன்னரே சேர்ந்திருந்தன, யான் அறிந்திலேன்.

"சேர், நாங்கள் ஏதும் பிழை விட்டிட்டமோ?" என்றாள் ஒரு மாணவி. பிழை என்னுடையது. அன்று நாணித் திரும்பினேன்.

பின்னர் முறையாகக் கற்றேன். துணைநிரல்களை முன்கூட்டியே இறக்கித் தரும் கட்டளையொன்று மேவனில் உண்டு. ஆயினும், சோதனை நடக்கும் வேளையில் மட்டும் வேண்டப்படுவன சில அதற்கு அகப்படாமற் போவதுண்டு. ஆதலின், திட்டத்தினுள்ளேயே வெறுமையான களஞ்சியமொன்றை வகுத்து, மூன்று கூறுகளையும் தலைக்கோப்பிலிருந்து ஒருசேரக் கட்டிச் சோதனைகளையும் ஓடவிட்டேன். வேண்டியன யாவும் அதனுட் சேர்ந்தன. ஜாவாவையும் மேவனையும் உடன் வைத்தேன். இறுதியாக, இவையொன்றும் இல்லாத வேறொரு கணினியில் இணையத்தைத் துண்டித்துக் கட்டிப் பார்த்த பின்னரே மீண்டும் படகேறினேன். இம்முறை அம்மாணவியே கட்டளையைத் தட்டினாள், மென்பொருள் உருவாயிற்று.

மாணவ மணிகாள்! நும் அடுப்பில் வெந்தது பிறர் அடுப்பிலும் வேகுமென்று எண்ணற்க. கொடுப்பதை முழுமையாகக் கொடுமின்; கொடுக்குமுன், பெறுபவர் இருக்கையில் அமர்ந்து ஒருகாற் பார்மின்.