மறுகாலை அடைக்காதீர்கள்

குளத்தின் பலம் எதில் இருக்கிறது என்று கேட்டால், கரையில் என்றுதான் யாரும் சொல்வார்கள். தாமிரபரணிக் கரையில் பிறந்து தலை நரைத்த எங்களைக் கேட்டால் மறுகாலில் என்போம். குளம் நிறைந்த பிறகும் வருகிற தண்ணீர் கரையை முட்டாமல் அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ வழிந்து போவதற்கென்று முன்னோர் விட்டுவைத்த வழி அது. கரையை எவ்வளவுதான் உயர்த்தினாலும், மறுகால் அடைபட்ட குளம் ஒரு பெருமழைக்குத் தாங்காது. மனுஷனுக்கும் இதே கணக்குதான். அந்தக் கணக்கை எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நன்றாகப் புரியவைத்தது 2023 டிசம்பர் வெள்ளம்.

மார்கழி பிறந்த அன்று பிடித்த மழை அது. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழையைவிட அது அதிகம். திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம் பக்கம் 60 சென்டிமீட்டருக்கு மேல். மலையில் மாஞ்சோலையிலும் கொட்டித் தீர்த்தது. மலைத் தண்ணீரும் சமவெளித் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஆற்றில் சேர்ந்தன. குளங்கள் உடைந்தன. கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் புகுந்தது. ஏரல் கடைத்தெருவில் வியாபாரிகளின் சரக்கெல்லாம் சேற்றோடு சேறானது.

அணையைத் திறந்ததால்தான் வெள்ளம் வந்தது என்று ஒரு சாரார், திறக்காமல் வைத்திருந்ததால்தான் வந்தது என்று இன்னொரு சாரார் டீக்கடையில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அணைக்கு நாம் கொடுத்திருக்கிற வேலை ஒன்றல்ல, இரண்டு. பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி என்பது முழுக் கொள்ளளவின் உயரம். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் அந்த அடி நிறைய வேண்டும். வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்றால் அதில் கொஞ்சம் காலியாகவே இருக்க வேண்டும். மட்டம் ஏற ஏற விவசாயிக்குச் சந்தோஷம், கரையோரத்தில் குடியிருப்பவனுக்குக் கலக்கம். ஒரே வீட்டில் அண்ணன் வயலைப் பார்த்து மகிழ, தம்பி கூரையைப் பார்த்துப் பயப்படுவான். நிறைகுடம் தளும்பாது என்பது பழமொழி. அணை அப்படி இல்லை. நிறைந்துவிட்டால், மேலிருந்து வருவதைக் கீழே விட்டே ஆக வேண்டும். காலி இடத்தை வீண் என்று நினைக்கிற புத்தி நம்மிடம் இருக்கிறது. அணையில் காலியாகக் கிடக்கிற அடி வீண் இல்லை. அது கீழே உள்ள ஊர்களின் பத்திரம்.

குளத்து விஷயத்திலும் இந்தப் புத்தி உண்டு. நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் குளத்தில் மடை பார்த்தவர் ஒருவர் இருந்தார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ராத்திரி அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாக மறுகாலுக்குப் போய்விடுவார். இன்னும் ஒரு சாண் தண்ணீர் நின்றால் கடைசி வயலுக்கும் பாயும் என்று யாராவது கலிங்குக் கற்களுக்கு நடுவே மண்மூட்டை அடுக்கியிருப்பார்கள். அதை ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவார். விடிந்ததும் ஊரில் திட்டு விழும். மழை விட்டு வானம் வெளுத்த பிறகு, தை வாக்கில், அவரே அதே இடத்தில் மண் வைத்து அடைப்பார். எப்போது அடைக்க வேண்டும், எப்போது திறந்து வைக்க வேண்டும் என்று தெரிந்தவர் அவர். பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. நான் படித்த எந்தப் பாடத்தையும்விட அந்த மண்மூட்டைப் பாடம்தான் எனக்கு நிலைத்தது.

ஆற்றோடு வாழத் தெரிந்தவர்கள் கட்டிய கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் திருநெல்வேலி குறுக்குத்துறைக்குப் போங்கள். முருகன் கோயில் ஆற்றுக்கு உள்ளேயே இருக்கிறது. முகப்பு படகின் முனை மாதிரி நீரைப் பிளந்து இரு பக்கமும் அனுப்பும். வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் உற்சவரையும் பாத்திரம் பண்டங்களையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பாறையில் செதுக்கிய மூலவர் அங்கேயே இருப்பார். தண்ணீர் கோயிலுக்குள் புகுந்து, கோபுரத்தை எட்டி, தானே வடியும். சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூஜை. ஆற்றைத் தடுக்க யாரும் அங்கே மதில் எழுப்பவில்லை. எதை நகர்த்த முடியுமோ அதை நகர்த்தினார்கள். முடியாததைக் கல்லில் உறுதியாக வைத்தார்கள்.

2023 வெள்ளத்தில் இன்னொன்றையும் கண்ணால் பார்த்தோம். தொழுவத்தில் கட்டுத்தறியில் கட்டிக் கிடந்த மாடுகள் நின்ற இடத்திலேயே போயின. அவிழ்த்து விட்டவை நீந்தி மேட்டில் ஏறி, தண்ணீர் வடிந்ததும் ஒவ்வொன்றாகத் தேடி வந்தன. தும்புக்கயிறு நனைந்துவிட்டால் முடிச்சு இரும்பாக இறுகிவிடும், கையால் அவிழ்க்க வராது, அரிவாளால்தான் அறுக்க வேண்டும். அந்த அரிவாளை இருட்டில் தேடுகிற நேரத்தில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் இளக்கமாகக் கட்டு, அரிவாளைக் கைக்கு எட்டுகிற இடத்தில் செருகு என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான்.

அதே பெரியவர்கள் செய்கிற ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் எங்கள் பக்கம் நிறைய. “அந்த வெள்ளமே இந்தப் படி வரைக்கும்தான் வந்தது” என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டவர்கள் பலர். முகாமுக்கு வாருங்கள் என்று இளவட்டங்கள் கெஞ்சினாலும் அசைய மாட்டார்கள். 2023 வெள்ளம் எங்கள் ஊர்களில் அந்தப் படியையும் தாண்டி ஏறியது. நாம் பார்த்ததுதான் ஆற்றின் எல்லை என்று நினைப்பதும் மறுகாலை அடைப்பதுதான். அனுபவத்திலும் கொஞ்சம் காலி இடம் வேண்டும். என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது: பிள்ளைகள் கிளம்பச் சொன்னால் கிளம்புங்கள். வெள்ளம் வராவிட்டால் ஒரு ராத்திரித் தூக்கம்தான் நஷ்டம்.

மறுகாலுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு குளத்தில் மிஞ்சியது அடுத்த குளத்துக்கு வாழ்வு. மிஞ்சாமலேயே கொடுத்த ஜனங்களையும் 2023 வெள்ளத்தில் பார்த்தோம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளம் வந்த ராத்திரி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியில் சுமார் 800 பேர். ஒரு பகுதியினரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மீதிப் பேர் வெளியே வர வழியில்லாமல் நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் அரிசியும் பருப்பும் திரட்டிச் சமைத்துப் போட்டார்கள். அவர்களே வெள்ளத்துக்கு நடுவில் இருந்தவர்கள்தான். மிஞ்சிய பிறகு கொடுப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். வருகிற சம்பளம் முழுவதையும் மாதத் தவணைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கரை உடைகிறது. மூச்சு விட நேரமில்லாமல் நாளை நிரப்பிக்கொள்கிறார்கள். அம்மா போன் பண்ணினால் எரிந்து விழுகிறார்கள். கோபத்தை மனசுக்குள்ளேயே கட்டி வைத்து, ஒரு நாள் பந்தியில் வைத்துக் கொட்டுகிற உறவுகளையும் பார்த்திருக்கிறேன். அன்றன்றைக்கு இரண்டு வார்த்தை பேசி வடிய விட்டிருந்தால் உறவு நின்றிருக்கும். பணத்தில், நேரத்தில், பேச்சில் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள்.

ஊர்க் கணக்கும் அதேதான். ஆற்றின் படுகையில் வீடும் ஓடையின் மேல் கடையும் கட்டிவிட்டு, ஆறு ஊருக்குள் வந்தது என்கிறோம். ஆற்றின் இடத்துக்குள் போனது நாம்தான். மிஞ்சுகிற வெள்ளத்தைச் சாத்தான்குளம், திசையன்விளை வறட்சிப் பகுதிக்குக் கொண்டுபோகும் தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்புக் கால்வாய் 2009இல் தொடங்கி, 2025இல் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் எந்தக் கால்வாய் வந்தாலும், நம் ஊர்க் குளத்து மறுகாலில் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தை வெட்ட வேண்டியது நாம்தான். மழை தொடங்கிய பிறகு அந்த வேலை ஆகாது. அடுத்த ஐப்பசிக்கு முன்னால், சித்திரை வெயிலிலேயே, உங்கள் குளத்து மறுகாலை ஒருமுறை போய்ப் பாருங்கள். போகும்போது பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.