ஆறு மணி நேரச் சிறுநீர்

“கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?”

மகனின் பெயர், வயதுக்கு அடுத்து அந்த பெங்களூர் மையத்தில் கேட்ட முதல் கேள்வி இது. பாரத்தில் அம்மாவுக்கு மட்டும் நான்கு பக்கம். கர்ப்பத்தில் என்ன மீன் சாப்பிட்டீர்கள், பல் அடைத்திருக்கிறீர்களா, தலைக்கு டை அடித்தீர்களா. அப்பாவுக்கு இரண்டு வரி. கணவர் அதில் ‘வியாபாரம்’ என்று எழுதி முடித்துவிட்டார்.

நான் ஓசூர் சிப்காட்டில் 5 வருஷம் சால்டரிங் லைனில் இருந்தவள். எங்கள் கையில் ஓடிய கம்பியில் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம். அதைச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அத்திப்பள்ளி தாண்டி பஸ் ஓசூருக்குள் நுழையும் வரை அந்தப் பார்வை என் கூடவே வந்தது. மாமியார் அதுவரை தோஷம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சந்திரசூடேஸ்வரர் மலைக்கு எத்தனையோ முறை ஏறியாயிற்று. தோஷத்தை என்னால் நம்ப முடியவில்லை. ஈயத்தை நம்பினேன், ஏனென்றால் அதை என் விரலால் தொட்டிருக்கிறேன்.

பரிசோதனை இப்படி: காலையில் ஒரு மாத்திரை, பிறகு ஆறு மணி நேரச் சிறுநீரைச் சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். பேச்சு வராத 5 வயதுப் பையன் பின்னால் குவளையோடு ஓடுவது என்னவென்று ஓடியவர்களுக்குத்தான் தெரியும். முடிவு கலரில் வந்தது. ஈயத்தின் கோடு பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டிச் சிவப்பில் நின்றது. கீலேஷன் செய்து உலோகத்தை வெளியே எடுத்துவிடலாம் என்றார்கள். 20 சுற்று மாத்திரை, தேவைப்பட்டால் டிரிப்.

“நகைய வெச்சாவது பண்ணிடலாம் விடு,” என்றார் கணவர். அவரைவிட எனக்குத்தான் அவசரம். நான் கொடுத்ததை நானே எடுத்துவிடலாம் என்றால் எந்த அம்மா வேண்டாம் என்பாள்?

நகையை எடுத்து வைத்த வாரத்தில் மகனுக்குக் காய்ச்சல். வழக்கமாகக் காட்டும் குழந்தை மருத்துவரிடம் அந்தக் காகிதத்தையும் கொண்டுபோனேன். வயதான அம்மா அவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“மாத்திரை குடுத்துட்டுப் பிடிச்சாங்களா?”

“ஆமாங்க டாக்டர்.”

“எனக்குக் குடுத்தாலும் ஏறும்மா. எல்லார் உடம்புலயும் கொஞ்சம் ஈயம் இருக்கு. மாத்திரை அதைப் பிடிச்சு இழுத்துட்டு வருது. இந்தப் பச்சைக் கோடு, மாத்திரை சாப்பிடாதவங்க அளவு. ரெண்டையும் பக்கத்துல வெச்சா சிவப்பு வராம என்ன வரும்?”

கையிலிருந்து ரத்தம் எடுத்து ஈயம் மட்டும் பார்க்கச் சொன்னார். கண்டதை வாயில் வைக்கும் குழந்தைக்கு அந்தப் பரிசோதனை அவசியம்தான் என்றார். டெசிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம் என்று வந்தது. உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டுதல்படி 5 ஆனாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும். குழந்தைகளுக்குக் கீலேஷன் மருந்து பரிந்துரைக்கப்படுவது 45 எட்டினால். ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும் என்பது உண்மை. கீலேஷன் ஆட்டிசத்தைக் குணமாக்கும் என்பதற்குத்தான் ஆதாரம் கிடையாது.

பிறகு நானே தேடிப் படித்தேன். 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள 5 வயதுப் பையன் ஒருவன், இ.டி.டி.ஏ. மருந்தை நரம்பில் ஏற்றியபோது ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் நின்று இறந்துபோனான். என் மகனின் வயது. அதற்கு மேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை. இன்னொரு நாள் எலி ஆய்வைப் படித்தேன். ஈயம் ஏறிய எலிக்குட்டிகளுக்கு மாத்திரை உதவியது. ஈயமே இல்லாத குட்டிகளுக்குக் கொடுத்தபோது கற்கும் திறனில் நீடித்த பாதிப்பு வந்தது. அமெரிக்க அரசின் மனநல ஆய்வு நிறுவனம் ஆட்டிசக் குழந்தைகளிடம் நடத்தவிருந்த கீலேஷன் சோதனையை 2008இல் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. ஒரு காலத்தில் ஆட்டிசத்துக்குக் காரணம் அன்பில்லாத அம்மா என்றார்கள். ‘குளிர்பெட்டித் தாய்’ என்று பெயர் வைத்தார்கள். 1967இல் புருனோ பெட்டல்ஹைம் ஒரு புத்தகமே போட்டார். அந்தப் பழியை 1964இலேயே மறுத்து எழுதியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட், ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா. அவருக்கு நான் கடன்பட்டவள். ஆனால் பின்னாளில் கீலேஷனைப் பரப்பிய மருத்துவர் குழுவைக் கூட்டியதும் அவரது நிறுவனம்தான். மனசில் இருந்த குற்றம் இப்போது அம்மாவின் பல்லுக்கும் ரத்தத்துக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

என் லைனில் நாற்பது பெண்கள், பாதிப்பேர் தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகள், ஹாஸ்டலில் தங்கி வந்தவர்கள். சால்டரிங் புகையைக் கண்டு பயந்தோம். பெரும்பாலும் அது பிசின் புகையாம், ஈயம் கைவழியாகத்தான் வாய்க்குப் போகிறதாம். சாப்பாட்டு மணி அடித்தால் 20 நிமிஷம். குழாயடியில் சோப்பு இருந்த நாட்களை எண்ணிவிடலாம். அந்த 5 வருஷத்தில் எங்களில் ஒருத்திக்கும் ரத்தத்தில் ஈயம் பார்க்கவில்லை. தாயான பிறகுதான் எங்கள் ரத்தத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், அதுவும் குழந்தைக்காக.

“வீட்டுக்காரர் என்ன வேலைம்மா?” என்று டாக்டர் கேட்டபோதுதான் ‘வியாபாரம்’ வெளியே வந்தது. பழைய இன்வெர்ட்டர் பேட்டரிகளை வாங்கிப் பிரித்து விற்கிற கடை. அவர் ரத்தத்தில் 27 இருந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். நானும் எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பார்த்ததில் 6.

“துணி துவைக்கிறது யாரு?” என்று டாக்டர் கேட்டார்.

இப்போது கடையிலேயே கால் முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு வருகிறார். கடைத்துணிக்குத் தனி வாளி, பின்கட்டில். முதல் வாரம் அந்த வாளி என்னிடமே வந்தது, பழக்கதோஷம். திருப்பி வைத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே அலசுகிறார், எரிச்சலோடுதான். மகன் சுவரோரம் நின்று குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறான். தண்ணீர் விழுகிற சத்தம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.