கொடி பறந்த கடை

அக்கா மகன் வேல்ஸ் பக்கம் சுற்றப் போனவன், லாண்டவரி என்ற சந்தை ஊரிலிருந்து ஒரு படம் அனுப்பினான். பழைய பப் ஒன்றின் வாசல். பெயர் கிங்ஸ் ஹெட். ‘மாமா, இதுல ஒரு காலத்துல பேங்க் நடந்துச்சாம்’ என்று கீழே எழுதியிருந்தான்.

உண்மைதான். 1799-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற மாட்டு வியாபாரி அந்த விடுதியில்தான் வங்கி தொடங்கினார். வேல்ஸ் மலைகளிலிருந்து மாடுகளை லண்டன் சந்தைவரை கால்நடையாகவே ஓட்டிப்போய் விற்றுவிட்டுப் பணமூட்டையோடு திரும்புவார்கள். வழிப்பறி பயம். அதற்காகப் பிறந்த வங்கி. அதன் நோட்டில் கருப்பு எருது படம் அச்சிட்டிருந்ததால் ஜனங்களுக்கு அது கருப்பு எருது வங்கி. 1909-ல் லாயிட்ஸ் அதை வாங்கிக்கொண்டது.

திருமங்கலம் ஆட்டுச் சந்தைக்குப் போய்வந்த பேரையூர்க்காரனுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகரையும், மடியில் பணத்தை முடிந்துகொண்டு பஸ் ஏறுகிறவரையும் பார்த்தவன்தானே. எனக்குப் புரியாதது வேறு. இருநூறு வருஷமாக ஒரு சாராயக்கடை எப்படி ஒரே இடத்தில், ஒரே பெயரில் இருக்கிறது?

*

பேரையூர் பாளையமாக இருந்து ஜமீனாகி, இன்று தாலுகா தலைநகராக இருக்கிறது. கரிசல் காடு, பருத்தி, வெயில். நூறு வருஷத்துக்கு மேல் நின்ற கட்டடம் கேட்டால் கோயிலைக் காட்டுவார்கள். கள்ளுக்கடை எங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு திசையில் கை நீட்டுவார்கள்.

*

பப் என்பது பப்ளிக் ஹவுஸின் சுருக்கம். பொது வீடு. அதற்குள் குடி இருந்தது, படுக்கை இருந்தது, பேச்சு இருந்தது. நம் ஊரில் இந்த மூன்றும் ஒரு கூரைக்குக் கீழ் வந்ததே இல்லை. படுக்கச் சத்திரம். குடிக்கக் கள்ளுக்கடை. பேச டீக்கடை. மூன்றுக்கும் மூன்று விதி.

சத்திரத்துக்கு ராணி பெயர் கிடைத்தது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம். மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். ராணி மங்கம்மாள் பேரனுக்காக ஆண்டது 1689 தொடங்கிப் பதினேழு பதினெட்டு வருஷம். சத்திரத்துக்கு எதிரேதான் நிலையம் வந்தது. தெற்கே போகும் பழைய பாதைக்குச் சில ஊர்களில் இன்னமும் மங்கம்மாள் சாலை என்றுதான் பெயர்.

ஆனால் சத்திரமெல்லாம் எல்லோருக்கும் பொது என்று நினைத்துவிட வேண்டாம். 1904 வாக்கில் காசிக்குப் போன ஈ.வெ.ரா. பிராமணர்களுக்கு மட்டும் என்றிருந்த சத்திரத்தில் சோறு மறுக்கப்பட்டுப் பசியோடு நின்ற கதை ஊரறிந்தது. பொது என்ற சொல்லைச் சுவரில் எழுதுவது சுலபம்.

*

இனி கள்ளுக்கடை. சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியில் மதுரைக் கடைத்தெருவின் கொடிகளை வரிசையாகச் சொல்லிவரும்போது, கள் விற்கும் இடத்தின் கொடியும் வந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தே இன்ன கடை என்று தெரியட்டும் என்பதற்காக. இங்கிலாந்தில் 1393-ல் இரண்டாம் ரிச்சர்ட், மது விற்கிற கடை அடையாளப் பலகை மாட்டியே ஆக வேண்டும் என்றார். அதிலிருந்துதான் ராஜா தலை, கருப்பு எருது, சிவப்புச் சிங்கம் எல்லாம். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே நம்மிடம் கொடி இருந்தது என்று பெருமைப்படலாம். கொஞ்ச நேரம்தான் முடியும். அவர்கள் பலகை இன்னும் தொங்குகிறது. நம் கொடி போனது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஒரு முழு அதிகாரம் ஒதுக்கினார். கொடியும் உண்டு, அதிகாரமும் உண்டு. தமிழ்நாட்டுக் குடியின் கதை அன்றே தொடங்கிவிட்டது.

*

தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

1886-ல் சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம். மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். ஏலம் எடுத்தவன் அடுத்த தடவையும் எடுப்பான் என்று நிச்சயம் இல்லை. அவன் எதற்குக் கல்கட்டடம் கட்டப்போகிறான்? நாலு பனங்கால், மேலே ஓலை.

1937 அக்டோபர் 1. ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. கடையில் சோப்பு வாங்கினால்கூட வரி கட்டுகிறோமே, அதன் வேர் கள்ளுப்பானைக்குள் இருக்கிறது. இதை எந்த ஆடிட்டரும் சொல்ல மாட்டார். போர்க்காலத்தில் வெள்ளைக்கார அரசு மதுவிலக்கை நிறுத்திவைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 காந்தி ஜெயந்தியன்று, ஓமந்தூரார் ஆட்சியில், மாகாணம் முழுவதும் பூட்டு.

1971-ல் கருணாநிதி திறந்தார். 1973-ல் கள்ளுக்கடையையும் 1974-ல் சாராயக்கடையையும் மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1987 தொடக்கத்தில் மூடினார். 1990-ல் மலிவு விலை மது என்ற பெயரில் சாராயம் மட்டும் வந்தது. அதை 1991-ல் ஜெயலலிதா நிறுத்தினார்.

கூட்டிப் பார்த்தால் 1948-க்குப் பிறகு இன்றுவரை, பனையில் இறக்கிய கள்ளை ஒருவன் கடை போட்டு விற்கச் சட்டம் விட்டது ஏழெட்டு வருஷம். அதுவும் இரண்டு துண்டாக. இதற்குள் எந்தக் கடை பழையதாவது, எந்தக் கடைக்குச் சரித்திரம் எழுதுவது?

*

வேல்ஸ்காரர்களும் குடிக்குப் பூட்டுப் போடத் தெரியாதவர்கள் இல்லை. 1881-ல் ஞாயிற்றுக்கிழமை பப்பை மூடச் சட்டம் வந்தது. நாடாளுமன்றம் வேல்ஸுக்கென்று தனியாகப் போட்ட நவீன காலத்துச் சட்டங்களில் அதுதான் முதல். தேவாலயக்காரர்கள் பிடித்த பிடி. 1961 முதல் ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு திறக்கலாமா என்று ஊர் ஊராக வாக்கெடுப்பு. கடைசியாக இறங்கிவந்த பகுதி ட்வைஃபோர், அதுவும் 1996-ல்தான்.

அப்படியும் வீடு நின்றது. பீரை நிறுத்தினாலும் மேலே அறை இருக்கிறது, கீழே மேசை இருக்கிறது, சோறு இருக்கிறது. நம் கள்ளுக்கடையில் கள்ளை எடுத்தால் மிச்சம் என்ன? ஓலையைப் பிரித்தால் பொட்டல்.

*

பேரையூருக்குப் பக்கத்து ஊர் தே. கல்லுப்பட்டி. வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். கள்ளு இல்லை ஐயா, கல்லு. வேடிக்கை என்னவென்றால், கள்ளுக்கு மாற்று என்ன என்று யோசித்த ஒரு பெரிய மூளை வந்து உட்கார்ந்ததும் அந்த ஊரில்தான். 1940-ல் கோ. வேங்கடாசலபதி அங்கே காந்திநிகேதன் ஆசிரமத்தைத் தொடங்கினார். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தில் அங்கே வந்து தங்கினார். 1960 ஜனவரி 30-ல் காலமானார். காந்தி மறைந்த அதே தேதி.

குமரப்பாவின் கணக்கு எளிது. கரும்புக்கு நல்ல நிலமும் தண்ணீரும் வேண்டும். பனைக்கு எதுவும் வேண்டாம், தரிசு போதும். சர்க்கரையைப் பனையில் எடு, நல்ல நிலத்தில் நெல் போடு. மரம் அதேதான், ஏறுகிறவரும் அவரேதான், பாளையைச் சீவுகிற அரிவாளும் அதேதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் கள். விரலில் ஒட்டுகிற அந்தச் சுண்ணாம்புதான் சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் நிற்கிறது. இவ்வளவு மெல்லிய வேலியை வைத்து ஓர் அரசாங்கம் மரமேறிகளைக் காவல் காத்தது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

உசிலம்பட்டி, தேனி, கம்பம் தாண்டிக் குமுளியில் எல்லையைக் கடந்தால் கேரளத்தில் கள்ளுஷாப்பு சாதாரணமாக நடக்கிறது. மீன்கறியோடு. மலைக்கு அந்தப் பக்கம் உணவு, இந்தப் பக்கம் வழக்கு.

*

இப்போது இருப்பது அரசின் டாஸ்மாக். நிறுவனம் 1983-லேயே வந்துவிட்டது. சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது 2003-ல். கடைக்குப் பெயர் கிடையாது, எண்தான். கம்பி வலைக்குள் ஒரு கை நுழையும், பாட்டிலோடு வெளியே வரும். உட்கார்ந்து பேச அங்கே யாருக்கும் அழைப்பு இல்லை. பக்கத்தில் பார் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கண்மாய்க் கரை. நெடுஞ்சாலையிலிருந்து தள்ளிப் போகச் சொல்லி உச்சநீதிமன்றம் போட்ட உத்தரவு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் ஒரேயடியாக மூடப்பட்டன. பல கடைகள் வயல்காட்டுக்கு இடம்பெயர்ந்தன. வந்த இடத்துப் பெண்கள் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பழைய கள்ளுக்கடையை நினைத்து உருகுகிற ஆண்கள் (நானும்தான்) அந்தக் கடையிலிருந்து வீடு திரும்பிய ராத்திரிகளைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை.

*

அக்கா மகன் அனுப்பிய படத்தை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். எண்பதைத் தாண்டியவர். எம்.ஜி.ஆர். காலத்துக் கடை அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இடம் மட்டும் சொல்ல வரவில்லை. “அந்தா, ரெண்டு பனை நிக்கிற எடத்துக்குக் கெழக்க” என்றார். எட்டிப் பார்த்தேன், பனையைக் காணோம்.

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதுல தொட்டுக்க என்னப்பா குடுப்பான்?”

“உருளைக்கிழங்கு வறுவல்ங்கய்யா.”

“கருவாடு இல்லையா?”

“இருக்காதுங்கய்யா.”

போனைத் திருப்பிக் கொடுத்தார். “அப்பறம் எதுக்கு அம்புட்டுப் பெரிய கட்டடம்?” என்றார்.